டிங்கிக்கு எது நல்லது: புகையா, வோல்பாக்கியா கொசுவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, கொசுப்புகை அடிக்க ஆள் வந்தால், இயந்திரச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே கதவைச் சாத்திவிடுவோம். "கதவு, ஜன்னலத் திறந்து வைங்க" என்று அவர்கள் சொல்வதுதான் சரி. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி வீட்டுக்குள் வாழும் கொசு. அலமாரிக்குப் பின்னாலும், கொடியில் தொங்கும் கைலி மடிப்பிலும் உட்கார்ந்திருக்கும். சாத்திய கதவோடு புகை நின்றுவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது.

திறந்து வைத்தாலும் புகை வளர்ந்த கொசுவைத்தான் கொல்லும். வாளியின் உள்பக்கம் ஒட்டிய முட்டை, காய்ந்தே மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் பட்டதும் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும். வழக்கமாக அடிக்கும் பைரித்ராய்டு மருந்துக்கு அசையாத கொசுக்களும் மலேசியாவில் பெருகிவிட்டன. நோயாளி வீட்டைச் சுற்றி உடனே அடிக்கும் புகை வேண்டும், கிருமியைச் சுமக்கும் கொசு அங்கேதான் பறக்கும். அதையே ஊருக்குக் காவலாக நம்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2023இல் மட்டும் நாட்டில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டிங்கி கண்டது.

வோல்பாக்கியா, பல பூச்சிகளின் உடலில் இயல்பாகவே வாழும் பாக்டீரியா. எஜிப்தியில் அது கிடையாது. ஆய்வுக்கூடத்தில் ஏற்றிவிட்டால், கொசுவுக்குள் டிங்கிக் கிருமி பெருகத் தடுமாறுகிறது. தாய்க்கொசு அதைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். அதைச் சுமக்கும் ஆண், சுமக்காத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. இப்படியே மெல்ல மெல்ல ஊர்க்கொசுவே மாறிவிடும். இந்தோனேசியாவின் யோக்யாகர்த்தாவில் குலுக்கல் முறையில் பகுதி பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது: டிங்கி 77 விழுக்காடு குறைவு. நம் சிலாங்கூர் மாநிலத்தில் 2017 முதல் ஆறு இடங்களில் இக்கொசுவை விட்டதில் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைவு. ஆய்வு முறையும் பாக்டீரியா வகையும் வேறு என்பதால் இவ்விரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. வெயிலில் சூடேறும் தண்ணீரிலும் தாங்குகிறது என்பதற்காகவே மலேசியா வோல்பாக்கியாவில் 'டபிள்யூ-ஆல்ப்-பி' வகையைத் தேர்ந்தது.

சிங்கப்பூர் 2016 முதல் வோல்பாக்கியா ஏற்றிய ஆண் கொசுவை மட்டும் விடுகிறது. ஆண் கடிக்காது, அதனால் மக்களுக்குப் பயம் குறைவு. ஆனால் விடுவதை நிறுத்தினால் கொசு திரும்பிவிடும். நம் ஊர் வசதிக்கு அது கட்டாது.

தாமான் வரைக்கும் என் ஓட்டு வோல்பாக்கியாவுக்கே. ரப்பர்த் தோட்ட ஓரத்தில் கதை வேறு. அங்கே கடிப்பது பெரும்பாலும் ஏடிஸ் ஆல்போபிக்டஸ். வெளியில் வாழும், அதுவும் டிங்கியைப் பரப்பும். அதன் உடலில் வோல்பாக்கியா பிறவியிலேயே உண்டு. சொல்லப்போனால் சிலாங்கூரில் விட்ட அந்த வகையே இதிலிருந்து எடுத்ததுதான்! எஜிப்திக்குள் கிருமியை அடக்கும் அதே பாக்டீரியா, பழகிய வீடான ஆல்போபிக்டஸில் அவ்வளவாக அடக்குவதில்லை. எனக்கு இது தீராத வியப்பு.

அங்கே கைதான் மருந்து. அம்மா மரம் சீவிய காலத்தில் மழை விட்டதும் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு ஒவ்வொன்றையும் கவிழ்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவார். போன வாரம் சீவாமல் விட்ட பழைய மர வரிசையில் ஒரு மங்குக்குள் எட்டிப் பார்த்தேன். தேத்தண்ணி நிறத்தில் இரண்டு விரல் உயரத் தண்ணீர். என் நிழல் விழுந்ததும் பத்துப் பதினைந்து புழுக்கள் நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. கவிழ்த்தேன். அந்த வரிசையில் இன்னும் நாற்பது மரம் இருந்தது.