பாய்சன் ஐவி: ஆய்வுக்கூடத்தில் உருவான அரக்கி

'பாய்சன் ஐவி' குழந்தைகளுக்கான படக்கதை அன்று. அண்ணா சாலையில் நான் இதை வாங்கிய கடையில் சிறுவர் அலமாரியில், வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். பில் போட்ட இளைஞர், "பேத்திக்கா மேடம்?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றேன். அட்டையில் இருந்த பச்சைக் கொடிகளையும் சிவப்புக் கூந்தலையும் ஒரு முறை பார்த்தார், என் நரைத்த தலையை ஒரு முறை பார்த்தார், பிறகு மரியாதையாகப் பையில் போட்டுக் கொடுத்தார்.

சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறவள் நான். 'பாய்சன் ஐவி' வரிசையின் முதல் தொகுதியான 'தி வர்ச்சுவஸ் சைக்கிள்' என்னை இழுத்ததற்கு அந்தத் தொழில்தான் காரணம். பாய்சன் ஐவியாக மாறுகிற கதாநாயகி பமீலா ஐஸ்லியும் தாவரவியல் படித்தவள். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் மார்சியோ டகாரா. 2022 ஜூனில் தனி இதழ்களாக வரத் தொடங்கிய கதையின் முதல் ஆறு இதழ்கள் இதில் இருக்கின்றன.

ஐவி 1966-இல் பேட்மேன் கதையில் வில்லியாக அறிமுகமானபோது அவளுக்குப் பூர்வ கதை எதுவும் கிடையாது. அழகி, ஆபத்தானவள், மற்ற வில்லிகளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள், அவ்வளவுதான். 1978-இல் ஒரு காரணம் ஒட்டினார்கள்: திருட்டுக்கு உடந்தையாக இருந்தவளைக் கூட்டாளியே பழங்கால மூலிகைகளைக் கொடுத்துக் கொல்லப் பார்க்கிறான், அவள் பிழைத்து எல்லா நஞ்சுக்கும் அசையாதவளாகிறாள். இப்போது நிலைத்திருப்பது 1989-இல் எழுதப்பட்ட வடிவம். அதில் நஞ்சைச் செலுத்துகிறவன் ஜேசன் உட்ரூ என்ற பேராசிரியர். அவள் அவருடைய மாணவி. இடம் சியாட்டில்.

இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 1972-இல் முத்து காமிக்ஸ் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. ஆய்வுக்கூட விபத்தில் கை போனது, மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்தது, நாங்கள் கைதட்டினோம். மாயாவிக்கு நடந்தது விபத்து. ஐவிக்கு நடந்தது குற்றம், அதுவும் மதிப்பெண் போடுகிறவன் செய்த குற்றம். வில்சன் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை விடுவதில்லை.

கதை தொடங்கும்போது ஐவியின் பழைய வலிமையில் பெரும்பகுதி போய்விட்டது. தாவர உலகத்தோடு அவளுக்கு இருந்த தொடர்பு அறுந்திருக்கிறது. மிச்சம் இருப்பது மனித குலத்தின் மீதான கோபமும் ஒரு கொடிய பூஞ்சையும். அந்தப் பூஞ்சையின் வித்துகளை ஊர் ஊராகப் பரப்பிக்கொண்டு அமெரிக்காவின் குறுக்கே பயணம் போகிறாள். போகும் வழியெல்லாம் தன் காதலி ஹார்லி குவினுக்குக் கடிதம் எழுதுகிறாள். அதே பூஞ்சை அவளையும் உள்ளிருந்து தின்கிறது. உலகத்தை அழிக்கப் புறப்பட்டவள் பேசுகிற குரலில் இத்தனை களைப்பும் இத்தனை நகைச்சுவையும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடிதங்கள்தான் இந்தப் புத்தகத்தின் பெரிய பலம்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உட்ரூ வருகிற பகுதி. ஆராய்ச்சி மாணவி என்றால் என்ன என்பது எங்கள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நெறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் உதவித்தொகை, அவர் தலையசைத்தால்தான் ஆய்வேடு. அவருடைய வங்கி வேலைக்குப் போகிற மாணவிகளையும், அவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிற மாணவிகளையும் இதே ஊரில் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் கொடி முளைத்துப் பழிவாங்கவில்லை. பலர் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தார்கள். உட்ரூ ஊசியோடு வருவதற்கு முன்பே அந்தச் சிறுமை தொடங்கிவிடுகிறது. அவன் அவளைப் பாராட்டுகிறான், தனியே பேசுகிறான், மற்றவர்களுக்குப் புரியாதது உனக்குப் புரிகிறது என்கிறான். பூதம் பிறக்கிற இடம் அதுதான். பச்சைத் தோலும் கொடிகளும் பின்னால் வந்து சேர்ந்த அலங்காரம்.

இந்த இடத்தில் அவள் பெயருக்கு உரிய உண்மையான செடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் புதர்களில் படர்கிற அது நம் மாமரமும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. துணிக்குக் குறியிட வண்ணார்கள் பயன்படுத்திய சேங்கொட்டையும் அதே குடும்பம்தான்; அதன் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களும் இந்தக் குடும்பத்தோடு சிறிது உறவாடியவர்களே. இந்தச் செடியின் எண்ணெய் முதல் முறை பட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. உடல் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை பட்டால்தான் சீறிக்கொண்டு எழும்புகிறது. பமீலாவின் கதையும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. வில்சன் இதை அறிந்தே செய்தாரா என்று தெரியாது, ஆனால் வகுப்பில் இதைச் சொல்லாமல் இருக்க இனி என்னால் முடியாது.

பாராட்டு போதும், ஒரு சண்டையும் இருக்கிறது. தாவரங்களின் அரசி என்று சொல்லிக்கொள்கிறவள் ஏன் பூஞ்சையைக் கையில் எடுக்க வேண்டும்? எங்கள் பாடத்திட்டம் இன்னும் பூஞ்சைகளைத் தாவரவியலில் வைத்திருக்கிறது என்றாலும், பரிணாம உறவில் அவை செடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கமானவை. எறும்பின் உடலுக்குள் புகுந்து, அதைச் செடியில் ஏற வைத்து, இலையின் நரம்பைக் கடித்துக்கொண்டு சாகச் செய்து, தலையைப் பிளந்து முளைக்கும் ஒஃபியோகார்டிசெப்ஸ் உண்மையில் இருக்கிறது. மனிதர்களைத் தாக்கும் வகை மட்டும் கதாசிரியரின் கற்பனை. பயமுறுத்துவதற்குப் பொருத்தமானதுதான். ஆனால் நஞ்சுக்குச் செடிகளில் என்ன பஞ்சம்? அரளி, குன்றிமணி, ஊமத்தை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கே உயிரைக் குடிக்கும். பெண்ணின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன பூ அது. அதிலிருந்து எடுக்கிற கால்ச்சிசின் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. அளவு மீறினால் மரணம். செடியின் செல்லில் செலுத்தினால் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிவிடும். பமீலாவுக்கு நடந்ததைப் போன்ற உருமாற்றத்துக்கு இதைவிட நேரான சரக்கு ஏது? கதாசிரியர் ஒருமுறை ஒட்டன்சத்திரம் பக்கம் வந்து செங்காந்தள் தோட்டங்களைப் பார்த்திருக்கலாம்.

டகாராவின் ஓவியம் பற்றி நீளமாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முகங்களை நன்றாக வரைகிறார், களைத்த முகங்களை இன்னும் நன்றாக. பூஞ்சை பற்றியவர்களின் உடலில் காளான்கள் வெடித்து முளைக்கும் பக்கங்கள் அருவருப்பும் அழகும் ஒன்றாகக் கலந்தவை. அந்தப் பக்கங்களில் வண்ணம் மட்டும் தனியாக ஒரு கதை சொல்கிறது. சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம். அச்சும் தாளும் குறை சொல்ல முடியாதவை. விலைதான் இறக்குமதிப் புத்தகங்களுக்கே உரிய விலை. இரண்டு நல்ல தமிழ் நாவல்களை அந்தப் பணத்தில் வாங்கலாம்.

ஐவியின் கோபம் எனக்குப் புரிகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் மலையாகக் குவிந்த பெருங்குடிக் குப்பைமேட்டை ரேடியல் சாலையிலிருந்து பார்த்த எவருக்கும் புரியும். ஆனால் சாலையோரத்தில் அவள் கொல்கிறவர்களில் பலர் கூலிக்கு உழைக்கிறவர்கள். காட்டை விற்றவர்களும் ஆற்றை மூடியவர்களும் வேறு யாரோ. புத்தகம் இந்தக் கேள்வியைத் தொடுகிறது, அவளைக் கொஞ்சம் தடுமாறவும் வைக்கிறது, ஆனால் கணக்கைத் தீர்க்காமல் அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடுகிறது. உட்ரூ மீது அவள் கொண்ட பகையில் எனக்கு ஒரு துளிகூடச் சந்தேகம் எழவில்லை. மற்றவர்களின் மரணத்தில் எழுந்தது.

வயது பதினாறுக்கு மேல் இருந்து, வன்முறையைத் தாங்க முடியும் என்றால் வாங்கலாம். பேட்மேனைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் சில பக்கங்களில் பழைய சம்பவங்களைத் தொட்டுச் செல்லும் வரிகள் குழப்பினால் தாண்டிப் போய்விடுங்கள், ஒன்றும் குறையாது. அடுத்த தொகுதியை என் பணத்தில் வாங்கப் போவதில்லை. கல்லூரி நூலகத்துக்குப் பரிந்துரைப் படிவம் கொடுத்திருக்கிறேன். துறை என்ற கட்டத்தில் தாவரவியல் என்று எழுதினேன். நூலகர் அதை அடித்துவிட்டு ஆங்கில இலக்கியம் என்று மாற்றினார். அந்தத் துறையின் நிதியில் இன்னும் பணம் மிச்சம் இருக்கிறதாம்.