ஆஃபர் லெட்டருக்கு அப்புறம்: ஆறு வருடம் பயன்படுத்திப் பார்த்த வேலை தேடல் உதவிகள்

2019-ல் திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். 2025 மார்ச்சில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை உறுதியானது. இடையில் கல்லூரி பிளேஸ்மென்ட் செல், என்பிடெல் ஆன்லைன் பாடம், நாட்ஸ் அப்ரெண்டிஸ் பயிற்சி, மாவட்ட வேலைவாய்ப்பு மையம், ஒரு கன்சல்டன்சி என எல்லாப் படியும் ஏறி இறங்கினேன். ஒவ்வொன்றும் கல்லூரியை விட்டு வந்த பிறகும் எனக்குக் கை கொடுத்ததா என்பதை வைத்துத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். கேம்பஸ் சமயத்தில் எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆஃபர் லெட்டர் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன்.

முதலில் பிளேஸ்மென்ட் செல். மூன்றாம் வருடத்திலிருந்து வாரம் இரண்டு பீரியட் ஆப்டிட்யூட் வகுப்பு. சதவீதம், வேலையும் காலமும், ரயில் பாலத்தைக் கடக்கும் கணக்கு. பயிற்சி கொடுத்தவர் நன்றாகவே நடத்தினார், ஆன்லைன் டெஸ்ட்டைத் தாண்டியதற்கு அவர்தான் காரணம். ரெஸ்யூமே விஷயத்தில்தான் பிரச்சினை. சீனியர் பேட்ச்சின் கோப்பு ஒன்றைக் கொடுத்து, பெயரையும் மார்க்கையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அறுபது பேருக்கும் ஒரே 'கேரியர் அப்ஜெக்டிவ்', ஒரே பொழுதுபோக்கு, கடைசியில் அப்பா பெயரும் உறுதிமொழியும். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்க வேண்டும், நிற்கிற அரியர் இருக்கக் கூடாது என்ற வடிகட்டலுக்கு அந்த ரெஸ்யூமே போதும். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைப் படித்து என்னைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

அதே கல்லூரி செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பழைய மாணவர் ஒருவரை மாக் இன்டர்வியூவுக்கு, அதாவது ஒத்திகை நேர்காணலுக்கு, அழைத்திருந்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் டிசைன் வேலையில் இருக்கும் அண்ணன். ஆறாம் செமஸ்டரில் நாங்கள் நாலு பேர் பெடலால் சுற்றும் நிலக்கடலை உடைக்கும் இயந்திரம் செய்திருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, "மெயின் ஷாஃப்ட் என்ன மெட்டீரியல்மா?" என்று கேட்டார்.

"எம்.எஸ். அண்ணா."

"ஏன் எம்.எஸ்.?"

பதில் இல்லை. எம்.எஸ். என்பது மைல்ட் ஸ்டீல், சாதாரண மென் எஃகு. ஷாஃப்ட்டை, அதாவது சுழலும் தண்டை, வெளியே ஒரு லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கியிருந்தோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் காசு கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அவர் திட்டவில்லை. "செஞ்சவர்கிட்ட போய்க் கேட்டுட்டு வா, அடுத்த சனிக்கிழமை சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

திங்கள்கிழமை பட்டறைக்குப் போனேன். "அண்ணே, அந்த ஷாஃப்ட் எம்.எஸ்.தானே?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மூலையில் கிடந்த துண்டுகளைக் காட்டினார். எங்களுக்குப் போட்டது ஈ.என்.8 என்ற எஃகு வகையாம். எம்.எஸ்.ஸை விட கார்பன் அதிகம், பேரிங் உட்காருகிற இடம் சீக்கிரம் தேயாது, கடலை அடைத்துத் திடீரென்று நின்றாலும் முறுக்கிக்கொள்ளாது என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். இரண்டிலும் ஒவ்வொரு துண்டை எடுத்து லேத்தில் மாட்டி, டூலை வைத்து, வருகிற சுருளைப் பார்க்கச் சொன்னார். நாலு வருடப் படிப்பில் மெட்டீரியலைப் பற்றி எனக்கு மனதில் தங்கியது அந்த ஒரு மணி நேரம்தான். அன்றைக்கே ரெஸ்யூமேயில் அப்ஜெக்டிவை எடுத்துவிட்டு அந்த இயந்திரத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். இன்றுவரை நான் போன ஒவ்வொரு இன்டர்வியூவிலும் கேள்வி அந்த நாலு வரியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டாலும் பரவாயில்லை, செய்து கொடுத்தவரிடம் போய் ஒரு நாள் உட்காருங்கள்.

என்பிடெல் பற்றிக் கொஞ்சம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. வீடியோ பார்க்கவும் அசைன்மென்ட் எழுதவும் காசு கிடையாது, தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய் கட்டினேன். அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அறுபதுக்கு மேல் வாங்கினால் சான்றிதழில் எலைட் என்று வரும். 2022 ஏப்ரலில் உற்பத்தித் துறைப் பாடம் ஒன்றில் 68 வாங்கினேன். சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தரவில்லை. ஆனால் வாரா வாரம் கெடு வைத்து உட்கார்ந்து படிக்கிற பழக்கத்தைக் கொடுத்தது, அது இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாம் வருடத்திலேயே ஒன்று எழுதிவிடுங்கள். கடைசி வருடத்தில் நேரம் இருக்காது.

2022 அக்டோபரில் கேம்பஸில் ஒரு ஐ.டி. கம்பெனி ஆஃபர் வந்தது. வீட்டில் கேசரி செய்தார்கள். கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். 2023 மே மாதம் படிப்பு முடிந்தது. ஜூலை, செப்டம்பர், நவம்பர் எல்லாம் போயும் ஜாயினிங் தேதி வரவில்லை. மெயில் போட்டால் 'பிசினஸ் தேவையைப் பொறுத்து' என்று ஒரே பதில். பிளேஸ்மென்ட் ஆபீசருக்குப் போன் செய்தேன். "நீங்க பிளேஸ்டு ஸ்டூடன்ட்மா, அடுத்த பேட்ச்சைத்தான் இப்போ பார்க்கணும்" என்றார். பொறுமையாகத்தான் சொன்னார், எனக்கு அழுகை வந்தது. அவர் கணக்கில் என் வேலை 2022-லேயே முடிந்துவிட்டது. அந்த வருடம் ஐ.டி. பக்கம் இப்படிக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர், என் வகுப்பிலேயே ஒன்பது பேர். ஆஃபர் கொடுப்பதோடு நிற்காமல், ஜாயின் பண்ணினார்களா என்று ஆறு மாதம் கழித்து ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கிற ஏற்பாடு ஒவ்வொரு கல்லூரியிலும் வர வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, ஒரு எக்செல் ஷீட்டும் ஒரு போனும் போதும்.

இந்தக் காத்திருப்பில்தான் அந்த கன்சல்டன்சி. 'பேக் டோர் (காசுக்கு வேலை) இல்லை, பதிவுக் கட்டணம் மட்டும்' என்று 3,500 ரூபாய் வாங்கினார்கள். அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசு. இரண்டு இன்டர்வியூ என்று அனுப்பினார்கள், போன இடத்தில் அப்படி எதுவுமே நடக்கவில்லை. நண்பர்களே, வேலை தருகிறேன் என்பவருக்கு நீங்கள் காசு கொடுக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பு, லேப்டாப் டெபாசிட், ட்ரெயினிங் என எந்தப் பெயர் வைத்துக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் முதுமையில்தான் இன்டர்வியூ கார்டு வரும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதனால் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்குத் தயங்கித்தான் போனேன். பதிவு இப்போது இணையத்திலேயே முடிந்துவிடுகிறது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்களுக்கு அங்கே இலவச வகுப்பு நடக்கிறது. நாட்ஸ் பற்றி முதன்முதலில் சொன்னவர் அங்கே இருந்த ஓர் அம்மாதான்.

நாட்ஸ் என்பது டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கான அப்ரெண்டிஸ் திட்டம், 1961-ம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் நடப்பது. தென் மாநிலங்களுக்கு அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. நான் சேரும்போது பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. ஒரு வருடம் முடித்தால் சான்றிதழ். ஏற்கெனவே ஒரு வருட வேலை அனுபவம் இருந்தால் சேர முடியாது, அதனால் கிடைத்த ஏதோ ஒரு வேலையில் போய் உட்காருவதற்கு முன் இதை யோசித்துப் பாருங்கள். போர்ட்டலில் பதிந்து, ஆறு கம்பெனிக்கு விண்ணப்பித்து, 2024 ஜனவரியில் ஓசூரில் சேர்ந்தேன். விடுதிக்கு 4,500 போக மீதியில் மாதத்தை ஓட்டுவது கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு உடனே பணம் அனுப்ப வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இது ஒத்து வராது. நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்குக் கிடையாது.

என்னையும் அங்கே எடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வருடம் தினமும் இயந்திரப் பாகமான பின்களை நூற்றுக்கணக்கில் அளந்திருக்கிறேன். 2025 மார்ச்சில் இப்போதைய கம்பெனி இன்டர்வியூவில் மேலாளர் பேசத் தொடங்கும் முன்பே ஒரு பின்னையும், அதை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரையும் மேஜையில் வைத்தார். முதலில் பின் படுகிற முனையான அன்வில்லைத் துடைத்தேன், மூடி ஜீரோ பார்த்தேன், பின்னை வைத்து ராட்செட்டை மூன்று கிளிக் திருப்பினேன். ஸ்லீவில் 12.5, திம்பிளில் 28, அதாவது 0.28 மி.மீ. "12.78 சார்" என்றேன். "துடைச்சீங்களே, அது போதும்" என்றார். அதற்கப்புறம் கடலை இயந்திரத்தைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினோம்.

தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் பற்றிச் சிலர் கேட்கலாம். 2022 மார்ச் 1-ல் தொடங்கினார்கள், நான் அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. இப்போது பட்டப்படிப்பு படிக்கும் என் தம்பிக்கு அதன் வகுப்பு செமஸ்டர் பாடத்தோடு சேர்ந்தே வருகிறது. அவன் முடித்த பிறகு அவனையே எழுதச் சொல்கிறேன்.

கல்லூரியின் இணையப் பக்கத்தில் அந்த ஐ.டி. கம்பெனி பெயருக்குக் கீழே என் போட்டோ இன்னும் இருக்கிறது. எடுத்துவிடும்படி போன வாரம் மெயில் அனுப்பினேன். என் பேட்ச்சில் இன்னும் வேலை கிடைக்காத நாலு பேருக்கு நாட்ஸ் விவரத்தை அனுப்பும்படியும் அதிலேயே கேட்டிருக்கிறேன்.