ஏலத்தில் போன வீடு திரும்பக் கிடைத்தது: எங்கள் மதுரை வக்கீல் ஆபீஸ் பற்றி

5க்கு 4 நட்சத்திரம். வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, பெயரைப் போடாதீங்கம்மா என்று சார் கேட்டுக்கொண்டார். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

நாங்கள் திண்டுக்கல் பக்கம். வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசர். அவருக்கு ஆபரேஷன் நடந்த வருஷம் வீட்டுக் கடன் தவணை நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் டேப் பிடித்து எங்கள் வாசலை அளந்துகொண்டிருந்தார்கள். கேட்டால், "இந்த வீட்டை ஏலத்துல எடுத்திருக்கோம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்கள். ஏலம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏலம் பற்றி எங்களுக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

உள்ளூரில் பார்த்த முதல் வக்கீல் முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கலாம் என்று சொல்லி ஒன்பது நாளைக் கழித்துவிட்டார். மதுரை சார் அதைக் கேட்டதும், சர்ஃபாசி சட்டத்தில் (கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழி செய்யும் சட்டம்) நடந்த ஏலத்துக்கு சிவில் கோர்ட் போக 34ஆம் பிரிவு தடை, மோசடி மாதிரி சில விஷயங்களுக்குத்தான் விலக்கு என்றார். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், அதாவது டி.ஆர்.டி.யில், 17ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். கெடு 45 நாள். ஏலம் முடிந்து போன மூன்று வாரமும் அந்த ஒன்பது நாளும் கழித்தால் எங்களுக்கு மிச்சம் இருந்தது 15 நாள்.

நான் அழுதுகொண்டே கதை சொல்ல ஆரம்பித்தேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "பையில இருக்கிற எல்லாக் காகிதத்தையும் மேசையில கொட்டுங்கம்மா" என்றார். ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடன் கொடுத்த நிறுவனம் 60 நாளில் பாக்கியைக் கட்டச் சொல்லும் டிமாண்ட் நோட்டீஸிலிருந்து ஏல நோட்டீஸ் வரை எல்லாவற்றையும் நாங்கள் முன்பு குடியிருந்த வாடகை வீட்டு விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறது. எல்லாம் ‘ஆள் இல்லை’ என்று திரும்பியிருக்கிறது. ஆனால் வருமான வரிக்காக அதே நிறுவனம் அனுப்பும் வட்டிச் சான்று மட்டும் வருஷாவருஷம் புது வீட்டுக்கே வந்திருந்தது. அந்தக் கவர்களை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். "இவங்களுக்கு உங்க விலாசம் தெரியாதுன்னு இனி சொல்ல முடியாது" என்றார் சார். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

இன்னொரு ஓட்டையையும் அவரே பிடித்தார். முதல் தடவை ஏலம் விடும்போது பேப்பரில் அறிவிப்பு வந்த நாளுக்கும் ஏல நாளுக்கும் நடுவில் 30 நாள் இருக்க வேண்டும். எங்களுக்கு விட்டது 19 நாள். அதுவும் இரண்டு பேப்பரில் போட வேண்டியதை ஒரே ஒரு இங்கிலீஷ் பேப்பரில் போட்டிருந்தார்கள். 2014இல் மேத்யூ வர்கீஸ் வழக்கில் இந்த 30 நாளைக் கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பை மனுவோடு சேர்த்தார்.

பாக்கி முழுவதையும் கட்டிவிடுகிறோம், வீட்டை விடச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்தச் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஏல அறிவிப்பு பேப்பரில் வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது, 2023இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது என்று விளக்கினார். அறிவிப்பே செல்லாது என்று காட்டினால்தான் வழி. இதைப் பொய் நம்பிக்கை இல்லாமல் எடுத்துச் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்தது.

செலவு: பாக்கி 14 லட்சத்து 60 ஆயிரத்துக்கு டி.ஆர்.டி. கட்டணம் 6,250 ரூபாய். வக்கீல் ஃபீஸ் 60,000, மூன்று தவணையாக வாங்கிக்கொண்டார். 3 லட்சம் கட்டினால்தான் ஸ்டே என்று உத்தரவு வந்தபோது என் நகையும் நாத்தனார் நகையும் அடகுக்குப் போயின. அது கையில் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பதினான்கு மாதத்தில் ஏலம் ரத்தானது. ஏலம் எடுத்தவருக்கு அவர் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். எங்கள் கடன் அப்படியே நிற்கிறது, நிறுவனம் முறைப்படி மறுபடியும் நோட்டீஸ் விடலாம். இதை சார் முதல் நாளே சொல்லியிருந்தார். இப்போது ஒரே தடவையில் தீர்க்கப் பேசி வருகிறோம்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது ஏன் என்றால், வாய்தா தள்ளிப்போனால் யாரும் போன் செய்து சொல்வதில்லை. மூன்று முறை மதுரை வரை போய்ச் சும்மா திரும்பினோம். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்டிருந்தும் வாதத்தில் அதை அழுத்திப் பேசவில்லை, கிடைக்கவும் இல்லை. அவருக்கு வீடுதான் முக்கியமாகப் பட்டது. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையும் முக்கியம்.

சாயங்காலம் 6 மணிக்கு மேல் போனால் சாரையே பார்க்கலாம், பகலில் ஜூனியர்கள்தான். தபால் கவர்களைக் கிழிக்காமல் முத்திரையோடு எடுத்துப் போங்கள், தேதியைத்தான் முதலில் பார்ப்பார்.