ஓணமா, தீபாவளியா: எல்லையோரத் துணிக்கடைக்கு எந்தச் சரக்கு?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் சின்னதாகத் துணிக்கடை போடுகிறவர்களுக்கு என் ஓட்டு ஓணத்துக்குத்தான். ஓணத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் முடிவு செய்துவிட்டே வருவார்: வெளிர்நிறத்தில் தங்கக்கரை போட்ட கசவுப் புடவை, வேட்டி, உறவுகளுக்கு ஓணக்கோடி (ஓணத்துக்குப் பரிசாகத் தரும் புத்தாடை). அத்தம் நட்சத்திர நாள் முதல் திருவோணம் வரை பத்து நாள் கொண்டாட்டம். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மண் இது, அதனால் தமிழ் பேசும் வீடுகளிலும் ஓணம் உண்டு. தீபாவளி அப்படியில்லை. ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு டிசைன், பத்துப் புடவையைப் பிரித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள், அது அவர்கள் உரிமை, ஆனால் முதல் அதிகம் வேண்டும். மிஞ்சினால் பழைய டிசைன். கசவு மிஞ்சினால் சரி, ஏப்ரலில் வரும் மலையாளிகளின் விஷு பண்டிகைக்கு விற்கலாம். கிறிஸ்தவ வீடுகள் நிறைய உள்ள தெரு என்றால் டிசம்பருக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்.