பட்டியா, தட்டியெடுப்பதா?

கார் கதவில் விழுந்த சிறு நெளிவைப் பட்டி எனும் நிரப்புப் பசை பூசி நிரப்புவதா, தகட்டைத் தட்டி நிமிர்த்துவதா என்பது குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் வெறும் செலவுக் கணக்கு அல்ல. பட்டி விரைவானது, ஹார்டனர் எனும் இறுக்கும் பொருளைக் கலந்து பூசினால் அரை மணி நேரத்துக்குள் இறுகிவிடும். ஆனால் பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். இரு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில், பிரைமர் எனும் அடிப்பூச்சு அடிக்காமல் திறந்து கிடந்த பட்டியின் அடியில் உப்புக்காற்றின் ஈரம் தங்கினால் தகடு துருப்பிடித்து, பெயின்ட் கொப்புளமாக எழும். எங்கள் பழைய காரின் பின்கதவில் அத்தகைய கொப்புளத்தை நகத்தால் சுரண்டியபோது, பட்டி செதிலாகப் பெயர்ந்து, அடியில் செம்பழுப்புத் தூள் உதிர்ந்தது.

தட்டியெடுப்பதற்குக் கைப்பழக்கமும் பொறுமையும் வேண்டும். தகட்டின் பின்னால் டாலி எனும் கனமான இரும்புக் கட்டியைத் தாங்கலாகப் பிடித்து, நெளிவின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லத் தட்ட வேண்டும், ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். ஆயினும் நான் இதையே பரிந்துரைப்பேன். எஞ்சும் பள்ளத்துக்கு மட்டும், துரு நீக்கிய தகட்டில் எபாக்சி பிரைமர் அடித்து, 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் பட்டி பூசி, 80, 180, 320 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்க்கலாம். பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது.