மாடியில் சூரிய மின்சாரம்: பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தின் பணி

திருத்துறைப்பூண்டிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரிய மின் அமைப்பை நிறுவிய நிறுவனத்தின் பணியைப் பற்றி, இதே வேலையில் இறங்க எண்ணியிருக்கும் டெல்டா மாவட்டத்தாருக்காக எழுதுகிறேன். வீட்டு மாடிகளில் சூரிய மின்சாரத்துக்காக மத்திய அரசு 2024இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதைப் பெறுவதற்குத் திட்டத்தில் பதிவு செய்துள்ள விற்பனையாளரிடமே வேலையை ஒப்படைக்க வேண்டும் என்பதால், இணையதளப் பட்டியலைப் பார்த்தே இந்நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

விண்ணப்பம், வாரியத்திடம் வாங்கும் மின்சாரத்தையும் அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர், ஆய்வு ஆகிய எதற்கும் நான் மின்வாரிய அலுவலகத்தின் படியேற வேண்டியிருக்கவில்லை. மானியமும் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை மாடியில் இருந்தது. பேனல்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் கால்களைத் தட்டோட்டின் மேலேயே போல்ட் அடித்து நிறுத்தத் தொடங்கினார்கள். ஓட்டில் துளையிட்டால் அதன் வழியே மழைநீர் இறங்கும். போல்ட்டும் கான்கிரீட்டைப் பற்றாமல் ஓட்டையும் சுண்ணாம்புக் கலவையையும் மட்டுமே பற்றி நிற்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலில் தென்னந்தோப்புகள் சாய்ந்ததைக் கண்ட ஊரில் இப்படிச் செய்வதை நான் ஏற்கவில்லை. கான்கிரீட் பீடம் கட்டி அதன்மேல் நிறுத்தச் சொன்னேன், மறுக்காமல் செய்தார்கள். சட்டம் முறையாகத் துத்தநாகத்தில் முக்கி எடுத்ததுதான், ஆனால் அளவுக்கு அறுத்த முனைகளைப் பூச்சில்லாமல் விட்டிருந்தார்கள். கடற்காற்றின் உப்பு அந்த முனையிலிருந்துதான் இரும்பைத் தின்னத் தொடங்கும்.

இவற்றைவிடப் பெரிய பிழை, மின்கசிவையும் மின்னலையும் மண்ணுக்குள் இறக்கும் எர்த்திங்கில் இருந்தது. பேனல் பக்கத்து நேர் மின்னோட்டம் (டி.சி.), வீட்டுப் பக்கத்து மாறு மின்னோட்டம் (ஏ.சி.), இடிதாங்கி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி வேண்டும். இவர்கள் ஒரே குழியைத் தோண்டி மூன்றையும் அதில் இணைத்துவிட்டார்கள். வேலை செய்த இரு இளைஞர்களிடம் எங்கே பயின்றீர்கள் என்று கேட்டேன். மற்றவர்களுடன் போய்ப் பார்த்துப் பழகியதாகச் சொன்னார்கள். சூரிய மின் அமைப்பை நிறுவுவோருக்காகத் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்தும் சூர்யமித்ரா பயிற்சியை இருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. உழைப்பாளிகள், சொன்னதைக் கவனமாகக் கேட்டவர்கள். ஆனால் பட்டியலில் உள்ள பதிவு நிறுவனத்துக்கு உரியது, மாடியேறிக் கம்பி இணைக்கும் கைக்கு உரியதன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன். வீட்டு வயரிங்குக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற வயர்மேனைத் தேடுகிற நாம், சில நூறு வோல்ட்டில் நேர் மின்னோட்டம் ஓடக்கூடிய இடத்தில் அதே கேள்வியைக் கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, வேலைக்கு வரப்போகிறவரின் பெயரையும் பயிற்சிச் சான்றையும் நிறுவனம் எழுதித் தர வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கடைசித் தவணையை நிறுத்திவைத்து, நிறுவனத்துக்கு உள்ள ஐந்தாண்டுப் பராமரிப்புப் பொறுப்பைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினேன். ஒன்பதாம் நாள் அனுபவமுள்ள மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். வாதாடாமல் இன்னும் இரண்டு குழிகளைத் தோண்டி, அறுத்த முனைகளுக்குத் துத்தநாகப் பூச்சு அடித்து, எர்த் மீட்டரில் மூன்று குழிகளின் மின்தடையும் 5 ஓமுக்குக் கீழே இருப்பதை என் கண்முன் அளந்து காட்டினார். அந்தப் பொறுப்புணர்வுக்காகவே இந்நிறுவனத்தை முற்றிலும் ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெளிந்த வெயில் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கிறது.

ஆனால் அந்த அளவீடு ஐப்பசி ஈரத்தில் எடுத்தது. நம் வண்டல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த்தின் தடை ஏறும் என்பதால், சித்திரையில் மீண்டும் வந்து அளக்க வேண்டும் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுத்தேன்.