குறும்பட விழாத் தொகுப்பு: கண்ணுக்குக் குறையில்லை, காதுக்குத்தான்

விழாவில் வந்த குறும்படங்களில் ஒளிப்பதிவு பரவாயில்லை; காலை வாருவது ஒலிதான். கேமரா மேலிருக்கும் மைக்கையே நம்பிய படங்களில் வசனத்தை அறையின் எதிரொலி விழுங்கிவிடுகிறது. பூம் மைக்கை (நீண்ட கோலின் நுனியில் பொருத்திய மைக்) ஃபிரேமுக்குச் சற்று வெளியே, பேசுபவருக்கு ஓரிரு அடி தூரத்தில் பிடித்திருந்தாலே போதும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாத 30 நொடி வெற்று அறைச் சத்தத்தைப் பதிவுசெய்யாததால், ஷாட் மாறும்போதெல்லாம் பின்னணிச் சத்தம் அறுந்து விழுகிறது. இசையைக் கூட்டி மறைக்கப் பார்த்திருக்கிறார்கள், மறையவில்லை.

இரவுக் காட்சிகளில் டியூப்லைட் துடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை) 1/60 நொடி வைத்தால் அப்படித்தான். 1/50 வைத்தால் தீரும்.

ஆறு நிமிடப் படம்தான் உருப்படி: ஒரே அறை, இரண்டு பேர், முதல் ஷாட்டிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. 22 நிமிடப் படமோ நான்கு நிமிடத்தை ட்ரோனுக்கே தாரைவார்க்கிறது.